அளவையாரும் பெயரில்லாத நெட்வொர்க்கும்

மனிதர்களில் அளவையார் என்று ஓர் இனம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார். சட்டை போட்டிருப்பார், சிரிப்பார், கை கொடுப்பார். ஆனால் உங்கள் வீட்டுக்குள் காலை வைத்ததும் பாருங்கள்: உங்களையோ, நீங்கள் நீட்டும் தண்ணீர்த் தம்ளரையோ, ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட புது சோபாவையோ அவர் பார்க்க மாட்டார்; கண் கூரையோரமாக ஒரு சுற்று ஓடும், மூக்கு லேசாக விடைக்கும், கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ப் போனை எடுக்கும், அப்புறம் வயிற்றுவலிக்காரனிடம் டாக்டர் விசாரிக்கும் குரலில் ஒரு கேள்வி வரும்:

"ரௌட்டரை எங்க வெச்சிருக்கீங்க?"

"டிவிக்குப் பின்னால" என்று வெள்ளந்தியாகச் சொல்வீர்கள்.

"டிவிக்குப் பின்னாலயா!"

போச்சு. பெற்ற பிள்ளையை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார். அந்த நிமிஷம் முதல் உங்கள் வீடு வீடல்ல, நோயாளி. வை-ஃபை என்கிற கண்ணுக்குத் தெரியாத அந்த வஸ்து உங்கள் வீட்டில் எந்த மூலையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது, எங்கே வற்றிப் போகிறது என்று அளந்து சொல்லாமல் அவர் போக மாட்டார். அளந்தால் போதும் அவருக்கு. பயன்படுத்துவது உங்களைப் போன்ற சில்லறை ஆட்களின் வேலை.

நம்முடைய அளவையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, கையிலிருந்த போனை உற்றுப் பார்த்து, "விழுந்துக்கிட்டே இருக்கு... விழுந்துக்கிட்டே இருக்கு... போச்சு, சுத்தமா போச்சு" என்று உதட்டைப் பிதுக்கினார். உள்ளே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அவர் பெரியப்பாவுக்காக வெளியே நாலு பேர் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகிறவர்களைப் பார்த்து, "ஜன்னல் பக்கமா வாங்க, அங்க நல்லா இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்.

இவருக்குப் பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர் உத்தியோகம். நாலு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு. அளவையார் என்ற பட்டத்தைக் கொடுத்தவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். தன் வீட்டுக் குளியலறை வரைக்கும் புகுந்து அளந்துவிட்டுப் போன வயிற்றெரிச்சலில் கொடுத்த பட்டம். வாங்கியவருக்கோ அதில் ஏகப்பட்ட பெருமை.

ஊருக்கு அவர் வேடிக்கை. வீட்டில் கூடக் குடித்தனம் நடத்துகிற மனைவியைக் கேளுங்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சர்வே நடக்கும். திறந்த லேப்டாப்பைப் பந்தியில் பரிமாறுகிறவர் தட்டு ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடப்பார். ஓர் அடி. நிற்பார். விசையில் ஒரு தட்டு. இன்னோர் அடி. திரையில் வீட்டின் வரைபடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் பூசிக்கொள்ளும். சிக்னல் செழித்த இடம் பச்சை, சுமாரான இடம் மஞ்சள், வறண்ட இடம் சிவப்பு. பெயிண்ட் கம்பெனிக்காரர் அல்லவா, எங்கேயாவது கையகலம் சிவப்புத் தெரிந்தால் பொறுக்காது. வீட்டு நெட்வொர்க்குக்கு அவர் வைத்த பெயரே 'பச்சை வீடு'.

அந்தப் பச்சைக்காக அவள் பறிகொடுத்தவை கொஞ்சமா? இரும்பு பீரோ சிக்னலை மறிக்கிறது என்று குளியலறை நடைக்குப் போயிற்று. ஆளுயரக் கண்ணாடி சிக்னலைத் திருப்பி அடிக்கிறது என்று பரணுக்குப் போயிற்று. மீன்தொட்டி, தண்ணீரல்லவா, சிக்னலைக் குடிக்கிறது என்று மீனோடு கீழ்வீட்டு பேக்கரிக்காரருக்குப் போயிற்று. மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் சேனல் முழுக்க இரைச்சல் என்பதால் அதை ஓட்டவே கூடாது. அதன் கறுப்புக் கதவில் முகம் பார்த்துத்தான் அவள் தினமும் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

மனிதர்களுக்கும் விலக்கு இல்லை. "மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி" என்பார். அவளுடைய தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக், நல்ல ஆகிருதி. அவன் ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்து சோபாவில் அப்பாடா என்று சாய்ந்தால், "மாப்ள, தப்பா நினைக்காத, நீ ஒரு பெரிய டேங்க். கொஞ்சம் பால்கனிப் பக்கம் போய் உக்காரேன்" என்பார். அவனும் மழையோ வெயிலோ பால்கனியில் உட்கார்ந்து காபி குடிப்பான்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது, நெட்டின் வேகத்தை அளக்கிற ஸ்பீட் டெஸ்ட்.

டெஸ்ட் என்றால் என்ன? தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. அந்த நேரத்தில் தலையில் சோப்பு நுரையோடு நிற்கிறவர் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. அவள்தான் எப்போதும் சோப்பு நுரையோடு நின்றாள். ஏனென்றால் அவளுடைய பிழைப்பே வீடியோவில். காது கேளாதவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர். அவர்கள் ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போனால், அங்கே ஒரு டேப்லெட்டைத் தூக்கி நிறுத்துவார்கள். அதன் திரையில் இவள் தோன்றுவாள். டாக்டர் பேசுவதைக் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: 'அவருக்கு வலிக்குதாம்' என்று சொல்லக் கூடாது, 'எனக்கு வலிக்குது' என்று, அவராகவே ஆகி, அவருடைய கோபதாபத்தோடு சொல்ல வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு மருந்து விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அளவையார் டெஸ்ட்டைத் தட்டினார். அவள் படம் அப்படியே உறைந்துவிட்டது. வாய் பிளந்து, இரண்டு கையும் காதோரம் விரிந்த கோலம். டாக்டர் சொன்ன உடற்பயிற்சி இதுதான் போலிருக்கிறது என்று அந்தப் பெரியவரும் வாயைப் பிளந்து, கையைக் காதோரம் விரித்து, வெளியே போயிருந்த மகன் திரும்பி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாராம்.

வேலை கொடுப்பவர்கள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கணவரிடம் போனாள். "என்னங்க, நான் வேலை செய்யற நேரத்துல மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க."

"ஏன், நெட் சரியா இல்லயா?"

"நீங்க டெஸ்ட் பண்றப்போ சரியா இல்ல."

"பாத்தியா, சரியா இல்லன்னு நீயே சொல்ற. டெஸ்ட் பண்ணாம எப்படிச் சரி பண்றது?" என்றவர், அன்று முதல் டெஸ்ட்டை இரண்டு மடங்காக்கினார்.

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது? அவள் தம்பியோடு பேசினாள். அடுத்த வாரம் அவன் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்தான். தனி சிம், தனி நெட். யார் கண்ணிலும் படாதபடி நெட்வொர்க்கின் பெயரை மறைத்துவிட்டு, அவள் வேலை செய்யும் சின்ன அறையில், இஸ்திரி போட வேண்டிய துணிக்குவியலுக்குப் பின்னால் வைத்தான். இஸ்திரித் துணியை அளவையார் ஒருநாளும் கிளற மாட்டார் என்பது அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதிலிருந்து அவள் படம் கண்ணாடிபோல ஓடியது. அதற்கான பாராட்டை வாங்கிக்கொண்டவர் யார் என்கிறீர்கள்?

"என் வீட்டுக்காரி நாள் பூரா வீடியோ கால். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கட்டாகியிருக்கா, அவளையே கேளுங்க!" என்று லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் மார்தட்டினார். அவர்கள் அவளைப் பார்ப்பார்கள். "இல்லங்க, கட்டாகறதே இல்ல" என்பாள். பொய் ஒன்றுமில்லையே! அந்த நேரத்தில் அவர் முகம் மலர்கிற மலர்ச்சியைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். நாளைக்கும் அவர் மலர்ந்தார்.

வினை அவருடைய போன் வழியாக வந்தது. பெயர் மறைத்தவை உட்பட, அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளை மேடு மேடாக வரைந்து காட்டும் ஒரு செயலியை அவர் புதிதாக அதில் ஏற்றியிருந்தார். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர்: பேக்கரிக்காரருடையது 'சூடான ரொட்டி', பல் டாக்டருடையது 'வாயைத் திற'. எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் போனைப் பார்த்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"பேரே இல்லாம ஒரு மேடு. இவ்ளோ உசரத்துக்கு."

அவளுக்குப் புரையேறியது. சாப்பிட வந்திருந்த தம்பி அக்கா தலையில் தட்டினான்.

"நம்ம பில்டிங்ல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்" என்றார் அளவையார். "பேரை மறைக்கறவன் நல்லவனா இருப்பானா?"

"கூச்ச சுபாவமா இருக்கலாம் அத்தான்."

"உளறாத மாப்ள. ஞாயித்துக்கிழமை வேட்டை."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. பெட்டியை அணைத்து வைத்துவிட்டால் வேட்டைக்காரர் வெறுங்கையோடு திரும்புவார் என்பது அக்கா தம்பியின் ஏற்பாடு. அப்படித்தான் அணைத்தும் வைத்தாள். காலையில் அளவையார் ஆயுதங்களோடு புறப்பட்டார். இடது கையில் சிக்னல் கிட்டே வர வரக் கீக் கீக் என்று கத்தி, சின்னத் திரையில் அதே மேடுகளையும் காட்டும் ஒரு கருவி. வலது கையில், சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்கும் ஆன்டெனா. ஒரு நீளத் தண்டு, இருபுறமும் குறுக்குக் கம்பிகள், பார்த்தால் ராட்சச மீனின் முள். பின்னால் பல் டாக்டர், பேக்கரிக்காரர், காவலுக்குத் தம்பி. கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்.

"நம்ம மூணு ரௌட்டர் பெட்டியையும் அவன் இருந்த சேனல்லயே போட்டு, டெஸ்ட்டை நிக்காம ஓட விட்டுட்டு வரேன். மூச்சு முட்டி அவனே வெளிய வருவான்."

அவர்கள் படியிறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, காது கேளாத கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்காக. மாதா மாதம் பரிசோதனைக்கெல்லாம் இவள்தான் மொழிபெயர்த்தது. நாள் இன்னும் இருக்கிறது என்றிருந்தவளுக்குத் திடீரென்று வலி கண்டு, பிரசவ அறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். வேறு யாரும் அகப்படவில்லை. அவளும் இவள்தான் வேண்டும் என்கிறாளாம்.

யோசிக்க என்ன இருக்கிறது? அவள் அறைக் கதவைச் சாத்தினாள். துணிக்குவியலுக்குள் கையை விட்டுப் பெட்டியை உயிர்ப்பித்தாள்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியடியில், ஒன்றும் அகப்படாமல் ஏறக்குறைய மனம் உடைந்து நின்ற அளவையாரின் இடது கையில் 'கீக்' என்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அத்தான் மீன்முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவன் போய்க் குறுக்கே நின்றான். பெரிய டேங்க் அல்லவா, குடிக்கட்டும் என்றுதான். வடக்கே திருப்பினால் வடக்கே நின்றான். படிக்கட்டுப் பக்கம் திருப்பினால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றான். அளவையார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"மாப்ள, நீ எங்க நிக்கறியோ அந்தப் பக்கம் மட்டும் சத்தம் குறையுது."

"அப்படியா அத்தான்?"

"அப்போ சிக்னல் உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. நகரு!"

அவ்வளவுதான். கீக், கீக் என்று ஊர்வலம் படியிறங்கியது. நாலாம் மாடி, கீக் கீக். மூன்றாம் மாடி, கீக் கீக் கீக். பல் டாக்டர் வீட்டு வாசலில் மீன்முள் கொஞ்சம் தயங்க, அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா என் வீட்ல இல்ல" என்றார். மீன்முள் மெல்லத் திரும்பி எதிர்க்கதவைப் பார்த்தது. அளவையாரின் சொந்தக் கதவு.

"என் வீட்டுக்குள்ளயே புகுந்திருக்கான்!" என்றார் அளவையார்.

உள்ளே அவள் நிலைமை என்ன? திரையில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் தலைமாட்டில் கணவன். கால்மாட்டில் டாக்டரம்மா. இவள் கை பறக்கிறது. கதவுக்கு வெளியே கீக் கீக் கீக் கீக் என்று நெருங்குகிறது. அது மைக் வழியாகப் பிரசவ அறைக்கும் போய்விட்டது.

"என்ன அது, மானிட்டர் கத்துதா?" என்றாள் டாக்டரம்மா. ஒரு நர்ஸ் ஓடிப் போய் மானிட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

அறைக் கதவு திறந்தது. மீன்முள் முதலில் நுழைந்தது. பிறகு அளவையார். அவர் தோளுக்கு மேல் பல் டாக்டர், பேக்கரிக்காரர், தலையில் கை வைத்தபடி தம்பி.

அவள் என்ன செய்வாள்? கை இரண்டும் டாக்டருக்குச் சொந்தம். வாய் அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். தனக்கென்று மிச்சமிருந்தவை கண்கள்தாம். அவற்றால் கணவரை எரித்தாள். அவர் கவனிக்கவில்லை, மீன்முள் துணிக்குவியலைச் சுட்டிக்கொண்டிருந்தது.

திரையிலிருந்த பெண் கவனித்துவிட்டாள். அவள் கை வலியையும் மீறித் துடித்தது. தொழில் தர்மம், இவள் குரல் கொடுத்தாள்:

"யாரு அந்த ஆளு? கையில என்ன கம்பி அது? அதை வெச்சு என்னை என்ன பண்ணப் போறாங்க?"

அளவையார் திடுக்கிட்டார். "ஏம்மா, நான்தாம்மா."

"வெளிய போகச் சொல்லுங்க! வெளிய! வெளிய!"

பேக்கரிக்காரர் ஓரடி பின்வாங்கினார். அந்த நேரம் பார்த்துப் பெரிய வலி ஒன்று எழும்பியது. அந்தப் பெண் தலைமாட்டில் நின்ற தன் புருஷனைப் பார்த்து, இரண்டு கையாலும் விளாசித் தள்ளினாள். இவள் வாயும் விளாசியது:

"எல்லாம் உன்னாலதான்! உனக்கென்ன, நின்னு வேடிக்கை பாக்கற! பாடு பூரா எனக்கு! இனிமே என் பக்கத்துல வந்து பாரு!"

பல் டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். அளவையாரின் மீன்முள் தரையைத் தொட்டது. "சரிம்மா" என்றார் மெதுவாக. இத்தனை வருஷத்தில் அவள் குரலில் இப்படியொரு உஷ்ணத்தை அவர் கேட்டதில்லை. அவளுக்குமே ஆச்சரியம்தான். அந்த வார்த்தைகள் மொழிபெயர்ப்பு மாதிரியே வரவில்லை. அடிவயிற்றில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்த மாதிரி வந்தன.

"இப்போ முக்குங்க" என்றாள் டாக்டரம்மா. கை சொன்னது. "தலை வந்துடுச்சு... முக்குங்க..."

திரை ஒரு வெட்டு வெட்டியது. அந்தப் பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. டாக்டரம்மாவின் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது:

"நிறுத்தச் சொல்லுங்க! கொடி கழுத்துல சுத்தி... முக்கக் கூடாது... உங்க கை அப்படியே நிக்குது, அசையல! முக்குன்னே நிக்குது!"

அவள் கை இங்கே அசைந்துகொண்டுதான் இருந்தது. அங்கே உறைந்து நின்றது. உறைந்த கை 'முக்கு, முக்கு' என்றது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் முக்கிக்கொண்டிருந்தாள். தொழில் தர்மத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இவள் தன் சொந்தக் குரலில் கத்தினாள்:

"என்னங்க! படம் நின்னுடுச்சு! உள்ள குழந்தை!"

இந்த இடத்தில் அளவையாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் 'என்ன குழந்தை, யாருடைய பெட்டி' என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண் நேராக இடது கைக் கருவிக்குப் போயிற்று. பெயரில்லாத அந்த மேடு அதன் திரையில் இருந்தது. அதன்மேல் 'பச்சை வீடு', அதன்மேல் 'பச்சை வீடு', அதற்கும் மேல் 'பச்சை வீடு'. பூனைக்குட்டிமேல் மூன்று யானைகள் உட்கார்ந்த மாதிரி. பிராது கொடுத்தவரே திருடன். படித்துப் புரிந்துகொள்ள அவரைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

மீன்முள்ளை எறிந்தார். பல் டாக்டரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். கூடத்தில் ஒரு பெட்டி, சமையலறை அலமாரியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. மூன்றையும் தேடிப் பிடுங்க நேரம் ஏது? வாசலோரம் பலகையிலிருந்த மெயின் ஸ்விட்சை அப்படியே கீழே இழுத்தார்.

மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. பச்சை வீடு செத்தது. துணிக்குவியலுக்குப் பின்னால், தன் பேட்டரியில், அந்தச் சோப்புக்கட்டி மட்டும் மூச்சு விட்டது.

திரை அசைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கைகள் எழுந்தன: நிறுத்து. முக்காதே. வாயைக் குவித்து ஊது. அப்படித்தான். ஊது. ஊது. அந்தப் பெண் பார்த்தாள். ஊதினாள். டாக்டரம்மாவின் தோள் மட்டும் அசைந்தது, ஏதோ கழற்றி எடுப்பதுபோல. வாசலில் நின்ற பேக்கரிக்காரரும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு, ஒரு வீறல்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது, பெற்றவளுக்குத் தவிர. அவள் திரையைப் பார்த்தாள். கையை மெதுவாக அசைத்து ஒன்று கேட்டாள். இவள் குரல் கொடுத்தாள்:

"எப்படி அழுது?"

டாக்டரம்மா குழந்தையை டேப்லெட் பக்கம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். கேட்டுக் கேட்டுக் கையால் சொன்னாள். மெல்லிசா, கோபமா, விட்டு விட்டு. இப்போ மூச்சு வாங்கறா. இதோ, மறுபடியும். உன்னைத்தான் கூப்பிடறா, பொண்ணு. அந்தத் தாயின் முகம் விரிந்தது. வாசலில் திரும்பி வந்து நின்ற அளவையார், தன் மனைவியின் கைகளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போவதற்கு முன் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விசாரித்தாள். இவள் தொழில் முறைப்படி குரல் கொடுத்தாள்: "அந்தக் கம்பிக்காரர் யாரு, பெரிய டாக்டரா?"

"என் வீட்டுக்காரர்" என்று வாயாலும் கையாலும் சொன்னாள்.

அந்தப் பெண் பதிலுக்கு ஒரே ஒரு சைகை செய்தாள். 'பாவம்' என்று அர்த்தம். அதை மட்டும் இவள் மொழிபெயர்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அளவையார் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"போன மழைக்காலத்துல இருந்து."

"அப்போ கட்டாகாம ஓடறது என்னாலன்னு நான் ஊர் பூரா சொன்னது?"

அவள் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீங்க டெஸ்ட்டை ரெட்டிப்பாக்கினீங்க."

அவர் தலை குனிந்தது. அழுகிறாரோ என்று அவளுக்குப் பயம். தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்தார்.

"சரி. இதுல ஸ்பீட் எவ்ளோ வருது?"

"பாக்கல."

"பாக்கலயா? ஒரு தடவைகூடவா?"

"வேலை நடக்குது. எதுக்குப் பாக்கணும்?"

மனைவி மறைத்து வைத்தது, ஊர் நடுவே மானம் போனது, இரண்டையும்விட இதுதான் அவரை உலுக்கியது. அளக்காமல் ஒரு நெட்வொர்க், அதுவும் இத்தனை மாதம், அதுவும் தன் கூரைக்குக் கீழே! அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கும். மின்சாரமில்லாத வீட்டில் இரண்டு பேரும் வேர்த்து வழிய வழியச் சிரித்தார்கள்.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பாதி. அவள் வேலை நேரத்தில் மூன்று பெட்டியையும் அவரே அணைத்துவிடுகிறார். கண்ணாடி பரணிலிருந்து இறங்கிவிட்டது. அவளிடம் சைகை கற்றுக்கொள்கிறார். ஒரு வாக்கியத்துக்கு எத்தனை நொடி பிடிக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்கிறார். அதை அவளால் தடுக்க முடியவில்லை.

நல்லவேளை, நாமெல்லாம் அந்த ரகமில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் போனில் படிக்கிறவராக இருந்தால் ஒன்று கேட்கிறேன்: இவ்வளவு தூரம் படித்து வருவதற்குள், திரையின் மேல்மூலையிலிருக்கும் அந்தக் கோடுகளை எத்தனை முறை பார்த்தீர்கள்? ஒரு முறைகூட இல்லையா?

சரி, அப்படியானால் இப்போது எதற்குப் பார்த்தீர்கள்?